சோவியத் பேட்ஜ் புத்தகம்: பின்னணி நிறத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சோவியத் பேட்ஜ் சேகரிக்கிறவரிடம் கொம்சொமோல் என்ற சோவியத் கம்யூனிஸ்ட் இளைஞர் அமைப்பின் பேட்ஜ் ஒன்றாவது இருக்கும். சிவப்புக் கொடி, அதில் பொன்னிறத்தில் லெனினின் பக்கவாட்டு முகம், அமைப்பின் பெயரெழுத்துகள். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இந்தப் பேட்ஜ் பல ஆலைகளில் உருவானது. செம்புக் கலவையில் அடித்து, கண்ணாடிப் பொடியை உலையில் சுட்டு எனாமல் ஏற்றியவை உண்டு. இலேசான அலுமினியத் தகட்டில் பெயின்ட் பூசியவையும் உண்டு. கையில் எடுத்தால் எடையே சொல்லிவிடும். பேட்ஜ்களைப் படமெடுத்துப் போடும் புத்தகத்தில் எடை கிடையாது. சிவப்பு எவ்வளவு ஆழமானது, மினுமினுப்பு கண்ணாடியுடையதா பெயின்டுடையதா, விளிம்பு உலோகம் மஞ்சளா வெள்ளையா என்ற இந்தச் சாட்சியங்கள்தான் வாசகருக்கு. பின்னணி நிறத்தின் முதல் வேலை அவற்றைக் கலைக்காமல் இருப்பது. அழகாக இருக்கிறதா என்ற கேள்வி அதற்குப் பிறகு.

பெரும்பாலான தவறுகள் இந்த வரிசை மாறுவதால் வருகின்றன. முதலாவது, சிவப்பு வெல்வெட். காட்சிப் பெட்டிகளில் பதக்கங்களும் பேட்ஜ்களும் காலங்காலமாக அதில்தான் குத்தப்பட்டிருக்கின்றன. அதனால் புத்தகத்துக்கும் கை தானாக அதை எடுக்கிறது. ஆனால் சோவியத் பேட்ஜ்களில் சரிபாதிக்கு மேல் சிவப்பு என்றே தோன்றும் அளவுக்குக் கொடியும் நட்சத்திரமும் நிறைந்திருக்கும். பளிச்சென்ற சிவப்புத் துணியின்மேல் சிவப்பு எனாமல் மங்கிப் பழுப்பாகத் தெரியும். அதே பேட்ஜைப் பச்சைத் துணிமேல் வைத்தால் கொழுந்துவிட்டு எரியும். பேட்ஜ் மாறவில்லை, கேமராவும் பிழை செய்யவில்லை. நம் கண் பக்கத்து நிறத்தை வைத்தே ஒரு நிறத்தை எடைபோடுகிறது.

இதை முறையாக விளக்கியவர் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் யூஜின் ஷெவ்ரோல். 1824இல் பாரிஸின் கோபலான் திரைச்சீலை நெசவாலையில் சாயப் பிரிவின் பொறுப்பை ஏற்றவர். கறுப்பு நூலில் போதிய கறுப்பு இல்லை என்று அங்கே ஒரு புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தபோது சாயத்தில் குறையில்லை. அதை ஒட்டி நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பைப் பலவீனமாகக் காட்டின. 1839இல் அவர் வெளியிட்ட நிற முரண் விதி இன்றைக்கும் அப்படியே செல்லும். பேட்ஜ் படம் எடுக்கிறவர் அந்த நெசவாலையின் அதே சிக்கலைத்தான் சின்ன அளவில் சந்திக்கிறார்.

வெல்வெட்டுக்கு வேறு குறையும் உண்டு. இரண்டு செ.மீ. பேட்ஜைப் புத்தகப் பக்கத்தில் ஐந்து செ.மீ. ஆக்கும்போது துணியின் ஒவ்வொரு இழையும் தூசியும் கூடவே வளரும். நெய்த துணியாக இருந்தால் இழை வரிசையும் அச்சின் புள்ளி வரிசையும் மோதி அலையலையான கோலம் கிளம்பும். சாக்குத் துணி, மரப்பலகை, பழைய ரஷ்யச் செய்தித்தாள் எல்லாவற்றுக்கும் இதே பதில். அவற்றை அத்தியாயத் தொடக்கப் பக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பட்டியல் பக்கங்களுக்கு வேண்டாம்.

அடுத்தது, என் கணக்கில் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு: ஒவ்வொரு பேட்ஜுக்கும் பொருத்தமான நிறத்தைத் தனித்தனியாகத் தேடுவது. நீலப் பேட்ஜுக்கு இளமஞ்சள், சிவப்புக்கு வெளிர்பச்சை, பொன்னிறத்துக்குக் கரும்பச்சை என்று போனால் ஒவ்வொரு படமும் தனியாக அருமையாக இருக்கும். ஒரே பக்கத்தில் சேர்ந்ததும் ஒப்பிட முடியாமல் போகும். ஒரே பேட்ஜின் இரண்டு ஆலைப் பதிப்புகள் பக்கத்துப் பக்கமாக இருக்கின்றன, ஒன்றின் சிவப்பு கொஞ்சம் ஆரஞ்சு கலந்தது என்று வைத்துக்கொள்வோம். பின்னணியும் வேறு வேறாக இருந்தால், அந்த வேறுபாடு எனாமலில் உள்ளதா பின்னணி தந்த மயக்கமா என்று வாசகர் எப்படித் தீர்மானிப்பார்? 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கின் மீஷா கரடியை எடுங்கள். விக்டர் சிஷிகோவ் வரைந்த அந்தக் கரடியின் இடுப்புப் பட்டையில் ஒலிம்பிக் நிறங்கள் ஐந்தும் உண்டு. எந்த நிறத்தைப் பின்னால் வைத்தாலும் அந்த ஐந்தில் ஏதோ ஒன்றோடு மோதும். தனித்தனியாகப் பொருத்தம் பார்க்கும் முறை இங்கே வந்து நின்றுவிடுகிறது. பின்னணியைப் புத்தகத்துக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும், குறைந்தபட்சம் அத்தியாயத்துக்கு, பேட்ஜுக்கு அல்ல.

அப்படியானால் வெள்ளை போதுமே என்பார்கள். வெள்ளை எளிது, மலிவு, பக்கத்தோடு கலந்துவிடும். கனமான எனாமல் பேட்ஜ்களுக்கு மோசமில்லை. அலுமினியப் பேட்ஜ்களுக்குத்தான் ஆபத்து. வெளுத்த விளிம்பு காகிதத்துக்குள் கரைந்து, பேட்ஜின் வடிவமே பாதி காணாமல் போகும். ஒளி அளவைத் தானியங்கியில் விட்டால், கேமரா வெள்ளைப் பரப்பைச் சாம்பலாக்க முயன்று பேட்ஜை இருட்டடிக்கும். இன்னொன்று பலர் கவனிப்பதில்லை: திரையில் வெள்ளையாகத் தெரியும் பின்னணி உண்மையில் இரண்டு மூன்று சதவீதம் சாம்பலாக இருக்கும். அச்சில் அது மெல்லிய அழுக்குக் கட்டமாக ஒவ்வொரு படத்தைச் சுற்றியும் விழும்.

கறுப்பு இதற்கு நேர்மாறு. பொன் விளிம்பு ஜொலிக்கும், நகைக்கடை விளம்பரம் போல இருக்கும். ஆனால் விண்வெளிப் பேட்ஜ்கள் என்ன ஆகும்? 1961 ஏப்ரல் 12இல் ககாரின் பறந்த பிறகு வந்த எத்தனையோ பேட்ஜ்களில் வானம் கருநீலம். கறுப்பின்மேல் அந்த வானம் தொலைந்து ராக்கெட் மட்டும் மிதக்கும். அச்சகத்திலும் தொல்லை. கறுப்பு மை மட்டும் போட்டால் பெரிய பரப்பு வெளிறிய கறுப்பாக நிற்கும். மற்ற மூன்று மைகளையும் தாராளமாகச் சேர்த்தால் மொத்த மை எல்லை தாண்டும். பூச்சுள்ள ஆர்ட் பேப்பருக்கே நான்கு மைகளும் சேர்ந்து சுமார் 300 முதல் 330 சதவீதம்தான் தாங்கும், பூச்சில்லாத தாளுக்கு அதைவிடக் குறைவு. மை காயத் தாமதமாகும், எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். பிறகு வாசகரின் கைரேகை.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மறந்துபோகும் விஷயம், மெருகேற்றிய உலோகம் ஒரு கண்ணாடி என்பது. சாய்வான விளிம்பு தன்னைச் சுற்றியுள்ளதை அப்படியே வாங்கிக் காட்டும். பச்சை அட்டையில் வைத்த பொன் விளிம்பு பச்சைபாய்ந்த பித்தளையாகும். நீல அட்டையில் அலுமினியம் நீலம் பூசிக்கொள்ளும். உலோகம் எது என்று சொல்ல வேண்டிய படமே பொய் சொல்லத் தொடங்குகிறது. சோவியத் பள்ளிகளின் சிறு குழந்தைகளுக்கான அமைப்பான அக்தோபர் சிறுவர்களின் சிவப்பு நட்சத்திரம், நடுவில் குழந்தை லெனினுடன் உலோகத்திலும் வந்தது, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கிலும் வந்தது. பிளாஸ்டிக் நட்சத்திரத்தில் பின்னணி நிறம் விளிம்பு வழியாக உள்ளேயே புகுந்துவிடும். பேட்ஜை ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் வைத்து, பின்னணி அட்டையைப் பத்துப் பதினைந்து செ.மீ. கீழே தள்ளி வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். நிழலும் மென்மையாகிவிடும். கேமராவின் தானியங்கி வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) அணைத்துவிடுங்கள். நிறப் பின்னணி பெரிதாக இருந்தால் அது அதையே சரிசெய்யப் பார்த்து பேட்ஜின் நிறத்தை எதிர்ப்பக்கம் தள்ளும்.

கணினியில் பின்னணியை வெட்டி எடுத்துவிட்டு விரும்பிய நிறத்தை நிரப்பிக்கொள்ளலாம் என்பதும் முழுத் தீர்வு அல்ல. விளிம்பில் பழைய பின்னணியின் பிரதிபலிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். கதிர்களுக்கு இடையே துளை வெட்டிய பேட்ஜ்களில் ஒரு துளையை நிரப்ப மறந்தால் அது பேட்ஜின் பகுதியாகவே தெரியும்.

என் பரிந்துரை நடுநிலைச் சாம்பல்தான். சலிப்பூட்டும் பதில் என்று தெரியும், ஆனாலும் சிவப்பையோ நீலத்தையோ எந்தப் பக்கமும் இழுக்காத நிறம் வேறில்லை. உலோகத்தில் பட்டுத் தெறித்தாலும் அது நிறம் சேர்க்காது. புகைப்படக்காரர்கள் ஒளி அளவுக்கு வைத்திருக்கும், 18 சதவீத ஒளியைத் திருப்பும் சாம்பல் அட்டையின் அழுத்தத்தில் தொடங்குங்கள். பொன் விளிம்புக்கும் சிவப்பு எனாமலுக்கும் அது ஒத்துவரும். அலுமினியப் பேட்ஜ்கள் அதோடு கலப்பதுபோல் தோன்றினால், அந்த அத்தியாயம் முழுவதற்கும் இன்னும் அழுத்தமான ஒரே சாம்பலுக்கு மாறுங்கள். பளபளப்பில்லாத மேட் அட்டை வாங்குங்கள். கடையில் சாம்பல் என்று தருவதில் பாதி நீலச் சாம்பலாகவோ பழுப்புச் சாம்பலாகவோ இருக்கும். வெள்ளைத் தாளையும் சாம்பல் அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சாய்வு தெரிந்துவிடும்.

சாம்பலுக்கு அச்சில் ஒரு சோதனை காத்திருக்கிறது. சயான் என்ற அச்சு நீலம், மெஜந்தா, மஞ்சள் மூன்றும் கலந்து உருவாகும் சாம்பலில் ஒரு மை சற்றே கூடினாலும் நிறம் சாயும். ஒரு பாரத்தில் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களின் தொகுப்பில்) இளஞ்சிவப்பு, அடுத்த பாரத்தில் பச்சை என்று பதினாறு பக்கத்துக்கு ஒரு சாம்பல் வந்த புத்தகங்களைப் பார்க்கலாம். படங்களை நான்கு நிறமாகப் பிரிக்கும்போதே சாம்பலின் பெரும்பங்கைக் கறுப்பு மையே சுமக்கும்படி செய்யச் சொல்லுங்கள். அச்சகத்தில் அதை ஜிசிஆர் என்பார்கள். கறுப்பு மையின் அளவு கூடினால் அழுத்தம் மாறுமே தவிர நிறம் மாறாது.

திரையைப் பார்த்து இறுதி முடிவு எடுக்காதீர்கள். திரையில் பளிச்சென்று இருக்கும் நீலம் அச்சில் ஊதாவாகச் சாய்வது எல்லா அச்சகங்களுக்கும் தெரிந்த கதை. புத்தகம் அச்சாகப் போகும் அதே தாளில் ஒரு பக்கம் சோதனை எடுத்து, பகலொளியை ஒத்த 5000 கெல்வின் விளக்கின் கீழ் உண்மையான பேட்ஜை அந்தப் படத்தின் அருகே வையுங்கள். சோதனைப் பக்கத்துக்கு ஒரு சுட்ட எனாமல், ஒரு அலுமினியம், ஒரு கருநீல விண்வெளிப் பேட்ஜ், ஒரு பிளாஸ்டிக் நட்சத்திரம் என நான்கு போதும். நான்கும் தங்கள் விளிம்பை இழக்காமல், நிறம் பேட்ஜோடு ஒத்து நின்றால் மீதிப் படங்களை எடுக்கத் தொடங்கலாம். எந்தச் சாம்பல், எந்த விளக்கு, படம் உண்மை அளவைவிட எத்தனை மடங்கு என்பதை முன்னுரையில் மூன்று வரியில் எழுதிவிடுங்கள். தன் கையிலுள்ள பேட்ஜைப் புத்தகத்தோடு ஒப்பிடும் சேகரிப்பாளர் முதலில் தேடுவது அதைத்தான்.