காலில் முள், தொடையிடுக்கில் நெறி

குளச்சல் கரையில் வலையிலிருந்து மீன் பிரிக்கும்போது எங்கள் மாமாவின் பாதத்தில் கெளுத்தி முள் ஏறிவிட்டது. ராத்திரிக்குள் கால் சிவந்து வீங்கியது. மறுநாள் தொடையிடுக்கில் நெறி கட்டியது. காயத்தில் சுண்ணாம்பு அப்பினோம். "உருவிவிட்டா தணிஞ்சிரும்லா" என்று மாமி எண்ணெய் எடுத்து நெறியை உருவினார். இரண்டுமே தவறு.

முள் குத்திய இடம் ரசாயன அழைப்பு விடுகிறது. ரத்தத்தில் ஓடும் வெள்ளணுக்கள் வேகம் குறைந்து, குழாய்ச் சுவரில் உருண்டு, ஒட்டி, சுவர்ச் செல்களின் இடுக்கில் நெளிந்து வெளியே வருகின்றன. சில மணி நேரத்தில் குவிந்து, சண்டையில் செத்தவை சீழாகின்றன. 1882-ல் இத்தாலியின் மெஸ்ஸினா கடலோரத்தில் ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகாஃப், நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் முள்ளைக் குத்திவைத்தார். காலையில் பார்த்தால் செல்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. நம் கரையிலும் அதே கதைதான்.

வெள்ளணுக்களில் இன்னொரு கூட்டம் கிருமியின் துணுக்கோடு நிணநீர் வழியே தொடையிடுக்கில் உள்ள நிணநீர்க் கணுவுக்குப் போகிறது. அங்கே அதை அடையாளம் கண்ட டி செல்கள் போன்ற வெள்ளணுக்கள் பெருகுவதால்தான் நெறி. அதை உருவினால் வலிதான் மிச்சம். கெளுத்தி முள்ளுக்குக் கால் பொறுக்கும் சூட்டில் வெந்நீர், அப்புறம் டெட்டனஸ் தடுப்பு ஊசி. சிவப்பு பரவிக் காய்ச்சலும் வந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

இதைவிடப் பெரிய தவறு, எந்தக் கட்டியையும் நெறி என்று விட்டுவிடுவது. கழுத்தில் வலியில்லாத கெட்டிக் கட்டி இரண்டு மூன்று வாரம் கரையாமல் இருந்தால் காட்டியே ஆகவேண்டும். காசநோயாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம்.

புற்றுநோய் என்றதும் "எதிர்ப்புச் சக்தி கம்மி" என்று லேகியம் வாங்குகிறோம். செல்கள் எத்தனை என்பதோடு, எங்கே போய்ச் சேர்கின்றன என்பதும் முக்கியம். சில கட்டிகளில் டி செல்கள் உள்ளே நுழைய முடியாமல் ஓரத்திலேயே நின்றுவிடும். அதே கட்டி, தனக்கு உதவும் வேறு வெள்ளணுக்களைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளும்.

சிறுநீரகம் மாற்றியவர்களிடம் கெஞ்சியே கேட்கிறேன்: உடம்பு தெம்பாக இருக்கிறதென்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். புது உறுப்பை அந்நியமாகக் காணும் டி செல்கள் பெருகி, அதற்குள் நுழைவதை அந்த மாத்திரைதான் அடக்கி வைத்திருக்கிறது. சக்தி கூட்டும் கஷாயம் எதையும் டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். அந்த மாத்திரைகளில் ஒன்றான டாக்ரோலிமஸ் சாப்பிடுபவர்கள் வீட்டு மரத்துப் பம்பளிமாசையும் தொடக்கூடாது. ரத்தத்தில் மருந்தின் அளவை அது ஏற்றிவிடும்.