கச்சா எண்ணெய் இறக்குமதியை மாதவாரியாக ஒப்பிடுவது எப்படி?

சீனா, இந்தியா, அமெரிக்கா, ஜப்பான் ஆகிய நான்கு நாடுகளின் மாதாந்தரக் கச்சா எண்ணெய் இறக்குமதியை ஒரே அட்டவணைக்குள் கொண்டுவரப் போகிறோம். தரவு எல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு அளவையில் வெளியிடுகிறது.

படி 1: தரவை இறக்குங்கள். இந்தியாவுக்குப் பெட்ரோலிய அமைச்சகத்தின் தரவுப் பிரிவான பிபிஏசி (PPAC) தளம். ஆயிரம் டன் கணக்கு, ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டு. சீனாவுக்கு அந்நாட்டுச் சுங்கத் துறை, டன் கணக்கு. ஜப்பான் அரசு கிலோலிட்டரில் தருகிறது. அமெரிக்காவுக்கு அந்நாட்டு அரசின் எரிசக்தித் தகவல் அமைப்பான இஐஏ (EIA), அதன் வாராந்தர எண்கள் மதிப்பீடுகள் என்பதால் அவற்றைத் தொடாதீர்கள். மாதாந்தர எண் ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்துத்தான் வரும், காத்திருங்கள். எல்லா நாடுகளையும் ஒரே கோப்பில் தரும் ‘ஜோடி’ (JODI) என்ற பன்னாட்டு எண்ணெய்த் தரவுத் தளத்தை நான் சரிபார்க்க மட்டுமே பயன்படுத்துகிறேன்.

படி 2: எல்லாவற்றையும் பேரலாக்குங்கள். ஒரு கிலோலிட்டர் 6.29 பேரல். ஒரு டன் சராசரியாக 7.33 பேரல், சீனாவுக்கு 7.3 என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள். எண்ணெய் கனமாக இருந்தால் ஒரு டன்னில் பேரல் குறையும் என்பதால் எல்லாருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. இந்தச் சிறு வித்தியாசத்தை அலட்சியம் செய்யக் கூடாது. 2023-இல் சீனா வாங்கியது சுமார் 56.4 கோடி டன். பெருக்கும் எண்ணை 7.3-லிருந்து 7.33-க்கு மாற்றினாலே நாளொன்றுக்குச் சுமார் 46,000 பேரல் கூடிவிடும். எந்த எண்ணைப் பயன்படுத்தினீர்கள் என்பதை அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவையுங்கள்.

படி 3: நாள் கணக்கு. தயவுசெய்து இதை மட்டும் தவிர்க்காதீர்கள். ஒரு நாடு தினமும் 50 லட்சம் பேரல் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜனவரியில் 15.5 கோடி, 28 நாள் பிப்ரவரியில் 14 கோடி. வாங்கும் வேகம் துளியும் மாறவில்லை, ஆனால் வரைபடத்தில் ஏறக்குறைய 10 சதவீதச் சரிவு தெரியும். அதற்குக் காரணம் தேடிப் பத்தி பத்தியாக எழுதுபவர்களும் இருக்கிறார்கள்! அட்டவணையில் தனியாக ஒரு 'நாட்கள்' நெடுவரிசை வைத்து, பேரலை அதனால் வகுத்துவிடுங்கள்.

சீனா ஜனவரி, பிப்ரவரி எண்களைச் சேர்த்தே வெளியிடுகிறது. சந்திரப் புத்தாண்டு விடுமுறை இவ்விரண்டில் எந்த மாதத்திலும் விழலாம் அல்லவா? கூட்டுத் தொகையை 59-ஆல், லீப் ஆண்டில் 60-ஆல் வகுத்து, இரு மாதங்களுக்கும் அதே எண்ணை இடுங்கள். ஆளுக்குப் பாதி என்று பிரித்தால் பிப்ரவரி பொய்யாக உயரும்.

சரியாக வந்ததா என்று பார்க்க: இந்தியாவின் இறக்குமதி மாதம் சுமார் 2 கோடி டன், அதாவது நாளுக்கு 49 லட்சம் பேரலை ஒட்டி வர வேண்டும். சீனாவின் 2023 சராசரி சுமார் 1.13 கோடி, 2024 சுமார் 1.10 கோடி.

வரைவதற்கு லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற இலவச அட்டவணைச் செயலி தாராளமாகப் போதும். கோட்டு வரைபடம் மட்டும் போடுங்கள்; நான்கு நாடுகளைப் பட்டைகளாக அடுக்கினால் எதுவும் புரியாது.

பின்சேர்க்கை: ஏற்றுமதியையும் சேர்க்கலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். அமெரிக்காவுக்குச் சேர்த்தே ஆக வேண்டும். கச்சா ஏற்றுமதித் தடை 2015 டிசம்பரில் நீங்கியதால் 2016-லிருந்து தொடங்குங்கள். இந்தியா ஆண்டுக்கு 6 கோடி டன்னுக்கு மேல் ஏற்றுமதி செய்வது டீசல், பெட்ரோல் போன்ற சுத்திகரித்த பொருட்களை. அதைக் கச்சா இறக்குமதியிலிருந்து கழிக்காதீர்கள். சுங்கக் குறியீட்டில் 2709 கச்சா, 2710 சுத்திகரித்தவை. இரண்டுக்கும் தனித்தனித் தாள் வையுங்கள்.