உப்புக் காத்துக்குத் தாங்குற ஸ்பீக்கர் செஞ்சு விக்கிறது எப்படி

நான் முதமுதல்ல காசுக்கு வித்த ஜோடி கீழக்கரையில ஒரு காக்கா (அங்க அண்ணன அப்படித்தான் சொல்லுவாங்க) வீட்டு ஹாலுக்குப் போச்சு, போன அன்னைக்கு மனுஷனுக்கு அவ்வளவு சந்தோசம். ஒரு மழைக்காலம் தாண்டுனதும் போன் வந்துச்சு, "தம்பி, பொட்டி அடியில அப்பளம் மாதிரி ஊதிருச்சு, ஸ்குரூ எல்லாம் துரு, வந்து பாரு"ன்னாரு. எம்டிஎஃப்ங்கிற, மர நார அழுத்திச் செஞ்ச பலகையில செஞ்சிருந்தேன், யூடியூப்ல எல்லாரும் அதுலதான் செய்றாங்கன்னு. அவங்க ஊர்ல கடல் இல்லைங்கிறத நான் யோசிக்கல. புதுசா ஒரு ஜோடி செஞ்சு குடுத்தேன், அந்த மாசம் கைக்காசு போச்சு.

1914ல திறந்த பாம்பன் பாலத்து இரும்பையே அரிச்ச காத்து இது, நம்ம ஸ்பீக்கர விட்டுருமா? அதனால ராமேஸ்வரத்துல இருந்து தொண்டி வரைக்கும், இந்தப் பக்கம் ஏர்வாடி, வாலிநோக்கம் வரைக்கும் எங்க இருந்து நீங்க இதப் பக்கத்தொழிலா ஆரம்பிச்சாலும், பெரிய கம்பெனிக்காரன் செய்யாத ஒன்னு உங்களால செய்ய முடியும், அதாவது இந்தக் காத்துக்குன்னே செய்றது, கெட்டுப்போனா பைக்க எடுத்துட்டுப் போயி பாக்குறது. சத்தத்துல அவன ஜெயிக்கணும்னு கிளம்பாதீங்க.

பலகைக்கு ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் 18 மிமீ வாங்குங்க, விலை கூடத்தான், ஆனா ஒரு 8க்கு 4 ஷீட்ல சின்ன பொட்டி ரெண்டு ஜோடி தாராளமா வரும், மிச்சத்துல ஒரு டெஸ்ட் பொட்டியும் போட்டுக்கலாம். வெட்டுன ஓரத்துலதான் தண்ணி முதல்ல ஏறும், அதனால ஒட்டுறதுக்கு முன்னாடி ஓரத்துக்கெல்லாம் சீலர் அடிங்க, பொட்டிக்கு உள்பக்கமும் ஒரு கோட்டு. ஸ்குரூ 316 ஸ்டெயின்லெஸ் மட்டும்தான். முகப்புக்கு பூவரசு இல்லன்னா பனைப் பட்டை வச்சா அழகுல ஆள் மயங்கிருவாங்க, ஆனா முழுப் பொட்டியையும் கட்டை மரத்துல செய்யாதீங்க, வெயிலுக்கும் மழைக்கும் மரம் சுருங்கி விரிஞ்சு மூட்டு விட்டுரும். பனையில உளி வைக்கிறப்ப கையப் பாத்துக்கங்க, அந்தச் சிலாம்பு ஏறுனா ரெண்டு நாள் தூக்கம் இல்ல.

டிரைவர், அதாவது பொட்டிக்குள்ள சத்தம் குடுக்குற உருப்படி, மெட்ராஸ் ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கும், ஆன்லைன்லயும் கிடைக்கும், வாங்குறப்ப கோன் (முன்னாடி ஆடுற கூம்பு) பாலிப்ராப்பிலீன் பிளாஸ்டிக், சுத்தி இருக்குற வளையம் ரப்பர், இது ரெண்டையும் பாருங்க. ஃபோம் வளையம் நாளாவட்டத்துல தானா உதிர்ந்துரும், இந்த ஈரத்துல சொல்லவே வேணாம். டேட்டாஷீட் (கம்பெனி குடுக்குற அளவு விவரத் தாள்) இல்லாத டிரைவர் எவ்வளவு சல்லிசா கிடைச்சாலும் தொடாதீங்க, ஏன்னா பொட்டி அளவு போடுறதே அதுல உள்ள எஃப்எஸ் (டிரைவர் தானா அதிர்ற ஹெர்ட்ஸ்), கியூடிஎஸ் (அந்த அதிர்வு எப்படி அடங்குதுங்கிற அளவு), விஏஎஸ் (கோன் தொங்கலோட நெகிழ்வுக்குச் சமமான காத்து அளவு)ங்கிற மூணு நம்பர வச்சுத்தான். தீல், ஸ்மால்னு ரெண்டு பேர் போட்ட கணக்கு அது, வின்ஐஎஸ்டின்னு ஓசி சாஃப்ட்வேர் இருக்கு, நம்பரப் போட்டா எத்தனை லிட்டர்னு அதுவே சொல்லிரும். உதாரணத்துக்கு வெளி அளவு 22 செமீ அகலம், 36 உயரம், 25 ஆழம்னு வச்சா, 18 மிமீ பலகை போக உள்ள கிட்டத்தட்ட 12.8 லிட்டர் வரும், டிரைவர் அடைக்கிற இடம் போக 12ன்னு வைங்க.

போர்ட் (காத்து போயி வர விடுற ஓட்டை) வச்ச பொட்டியா மூடுன பொட்டியான்னு ஒரு சண்டை எப்பவும் ஓடும். போர்ட் வச்சா பேஸ் இன்னும் ஆழமா இறங்கும், உண்மைதான், ஆனா கோன் ஆட ஆட அந்த ஓட்டை வழியா உப்புக் காத்து உள்ள போயி வந்துக்கிட்டே இருக்கும். அதோட மூடுன பொட்டியில ஒரு லிட்டர் முன்னப்பின்ன ஆனாலும் பெருசா கெடாது. கியூடிஎஸ் 0.5 பக்கம் உள்ள டிரைவரா எடுத்து மூடியே செய்ங்க, என் கட்சி அதுதான்.

டிவீட்டருக்கு (கீச்சுச் சத்தம் குடுக்குற சின்ன டிரைவர்) கெப்பாசிட்டர் இல்லாம நேரா ஆம்ப்ளிஃபையர்ல குடுக்கவே கூடாது. 8 ஓம் டிவீட்டர 3000 ஹெர்ட்ஸ்ல பிரிக்கணும்னா கணக்குப்படி 6.6 மைக்ரோஃபாரட், கடையில 6.8 கிடைக்கும். இது தொடக்கம்தான், ஓம் எல்லா இடத்துலயும் எட்டாவே நிக்காது, அதனால ஒரு அளவு மைக் வாங்கி ரூம் ஈக்யூ விசார்ட்ங்கிற சாஃப்ட்வேர்ல ஓட்டிப் பாத்து சரி பண்ணுங்க, அதுவும் ஓசிதான். வயர சொருகி விடாம ஈயம் வச்சுப் பத்துங்க, மேல வார்னிஷ் ஒரு தடவு. ப்ளஸ் மைனஸ் சந்தேகம்னா 1.5 வோல்ட் பேட்டரிய ஊஃபர்ல (பேஸ் குடுக்குற பெரிய டிரைவர்) ஒரு நொடி தொட்டுப் பாருங்க, கோன் வெளிய வந்தா பேட்டரி ப்ளஸ் தொட்ட முனைதான் ப்ளஸ்.

நெட்ல இருந்து டிசைன் எடுத்தா, விக்க அனுமதி இருக்கான்னு படிங்க. நெறைய பேரு சொந்த உபயோகத்துக்கு மட்டும்னு போட்டிருப்பாங்க.

இப்ப காசுக் கணக்கு, நம்ம ஆளுங்க கோட்டை விடுற இடம். ஒரு ஜோடிக்குப் பொருள் 7,000 ஆச்சுன்னா 8,500க்கு வித்துட்டு 1,500 லாபம்னு நெனைக்கிறோம். 20 மணி நேரம் உக்காந்திருக்கோமே, மணிக்கு 150 போட்டாலே 3,000. உடைசல், வீணாப்போனது, திரும்பப் போயி பாக்குற பெட்ரோல் எல்லாம் சேத்து ஒரு 1,200 வைங்க. 11,200 ஆச்சு, இதுக்கு மேலதான் லாபமே. 14,000க்குக் கீழ சொல்லாதீங்க, சொந்தக்காரங்களுக்கும் சேத்துத்தான்.

சின்னத் தொழிலுக்கான உதயம் பதிவு ஆன்லைன்ல இலவசம், போட்டு வைங்க. பொருள் விக்கிறவங்களுக்கு வருசத்துக்கு 40 லட்சம் தாண்டுனாத்தான் ஜிஎஸ்டி, நம்ம அங்க இல்ல, ஆனா வெளிமாநிலத்துக்கு ஒரு ஜோடி அனுப்பணும்னாலும் பதிவு வேணும். "புளூடூத் வச்சுக் குடுங்கண்ணே"ன்னு பாதிப்பேரு கேப்பாங்க, புளூடூத் ஸ்பீக்கர் பிஐஎஸ் (இந்தியத் தர அமைப்பு) கட்டாயப் பதிவுல வருது, அந்தச் செலவு நமக்குக் கட்டாது, ஆம்ப்ளிஃபையர அவங்களே வாங்கிக்கட்டும்னு வெறும் ஸ்பீக்கரா மட்டும் குடுங்க.

இங்க ஸ்பீக்கர்னு சொன்னாலே ரேடியோ குழாய்க்காரன்னுதான் நெனைப்பாங்க, "விசேசத்துக்கு எவ்வளவு வாடகை"ன்னு கேட்டாக ஒரு அக்கா. அதனால போட்டோ அனுப்பி விக்க முடியாது, ஜோடிய வண்டியில கட்டிக்கிட்டுப் போயி அவங்க வீட்டு ஹால்லயே ஒரு நாதஸ்வரம், ஒரு பொம்பளக் குரல் போட்டுக் காட்டணும். டீக்கடையில மட்டும் காட்டாதீங்க, அங்க எல்லாருக்கும் சத்தம் பத்தாது.

மாசத்துக்கு ஒரு ஜோடின்னு வைங்க, அதுக்கு மேல ஏத்துக்காதீங்க. ஐப்பசி கார்த்திகையில பாலிஷ் காயாது, அப்ப வயரிங் வேலை பாருங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடை, 61 நாளும் ஊர்ல பணப்புழக்கம் இருக்காது, ஆனா வெயிலு நல்லாக் காயும், பொட்டிகள அப்பச் செஞ்சு அடுக்கிருங்க. சும்மா நிக்கிற போட்ல இருந்து பழைய செட்டுகளும் ரிப்பேருக்கு வரும், அதப் பிரிச்சுப் பாத்தாலே எது எந்த இடத்துல முதல்ல அரிக்குதுன்னு தெரிஞ்சுரும். ஆனி பொறந்து போட்டெல்லாம் ரெண்டு தடவ கடலுக்குப் போயி வரட்டும், அதுக்கப்புறம் ஆர்டர் கேட்டுப் போங்க.