பின்சந்துக்குக் கேட் போடப் போகிறீர்களா? சாவியிலிருந்து தொடங்குங்கள்

எங்கள் தாமான் (வீடமைப்புப் பகுதி) மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், ஒரு காலத்தில் ரப்பர் மரம் நின்ற மேட்டில் இருக்கிறது. எட்டு எட்டாக முதுகு காட்டி நிற்கும் 16 வீடுகள், நடுவில் 20 அடிச் சந்து. தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்குப் பின்கதவைச் சாத்தும் பழக்கமே கிடையாது. கறிவேப்பிலை கேட்கப் போகிற வழி அதுதானே. டவுனுக்கு வந்த பிறகு அதே வழியாகத்தான் கேஸ் தோம்பும் (சிலிண்டரும்) தண்ணீர் மோட்டாரும் திருடு போயின.

நாங்கள் இரண்டு முறை கேட் போட்டோம். முதலாவது ஒரே வருஷத்தில் பழைய இரும்புக் கடைக்குப் போனது. இரண்டாவது இன்னும் நிற்கிறது. கீழே இருப்பது இரண்டாவதின் கதை.

படி 1: காகிதம்

சந்து நம் வீட்டுக்குப் பின்னால் இருந்தாலும் நம் நிலம் இல்லை. பொது இடத்தில் சுவரோ வேலியோ எழுப்பி வழியை அடைப்பது 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் (சட்டம் 133) 46ஆம் பிரிவுப்படி குற்றம். அதனால் நகராண்மைக் கழகத்தின் கடிதம் கையில் வராமல் கடப்பாரையைத் தொடாதீர்கள். சுங்கை சிப்புட்டுக்கு அது கோலகங்சார் நகராண்மைக் கழகம். உங்களுக்கு எது என்பது வீட்டு வரி பில்லிலேயே இருக்கும். இடத்தின் வரைபடம், கேட்டின் படம், வீடு வீடாக வாங்கிய கையெழுத்து மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். வாடகைக்கு இருப்பவர் போட்ட கையெழுத்து போதாது, வீட்டுக்காரரைத் தேடிப் பிடியுங்கள். பதிவு பெற்ற குடியிருப்பாளர் சங்கத்தின் பெயரில் எழுதினால் நல்லது. சங்கம் இல்லையென்றால் ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கக் கண்காணிப்புக் குழு) தலைவரிடம் போங்கள். அப்படியே பொம்பா (தீயணைப்பு) நிலையத்திலும் குப்பை லோரிக்காரரிடமும் ஒரு வார்த்தை.

கையெழுத்துக்குப் போனால், "கேட் போட்டா மட்டும் திருடன் வரமாட்டானா?" என்பார்கள். இங்கிலாந்தின் லிவர்ப்பூலில் இப்படி 3,178 கேட்டுகள் போட்ட பிறகு வீடு புகுந்து திருடுவது சுமார் 37 விழுக்காடு குறைந்ததாக 2004இல் வந்த ஆய்வு சொல்கிறது. நான் அதைத்தான் சொன்னேன். பாதிப் பேர் மசிந்தார்கள். மீதிப் பேரை மசிய வைத்தது காணாமல் போன மோட்டார்.

படி 2: மழையில் போய் நில்லுங்கள்

டேப்பை எடுத்துக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். சாயங்காலம் மழை கொட்டும்போது குடையோடு போய், தண்ணீர் எங்கே ஓடுகிறது, லொங்காங் (சாக்கடை) எங்கே நிரம்புகிறது என்று பாருங்கள். எங்கள் முதல் கேட்டின் அடிச்சட்டம் சிமெண்டுக்கு ஓர் அங்குலம் மேலே இருந்தது. முதல் பெருமழையிலேயே பிளாஸ்டிக் பையும் இலையும் வந்து அடைத்து, 5ஆம் நம்பர் வீட்டுச் சமையல்கட்டில் கணுக்கால் தண்ணீர். இப்போது 4 அங்குல இடைவெளி விட்டிருக்கிறோம். சந்தின் நடுவே தரை பள்ளமாகிற இடத்தில் மட்டும் குட்டைக் கம்பிகளைக் கீழே தொங்க விட்டோம்.

மழை விட்டபின் அகலத்தை அடி, இடுப்பு, தலை என மூன்று உயரத்தில் அளந்து பாருங்கள். மதில் எதுவும் நேராக இருப்பதில்லை.

படி 3: வெல்டிங் கடையில் சொல்ல வேண்டியது

20 அடியை நாங்கள் பிரித்த கணக்கு: ஆள் போகிற சின்னக் கதவு 3 அடி, பெரிய கதவு இரண்டும் 8 அடி வீதம் 16 அடி, 4 அங்குலச் சதுரத் தூண் மூன்று சேர்ந்து 1 அடி. பெரிய கதவுகள் லோரிக்கும் பொம்பாவுக்கும். மற்ற நேரத்தில் பூட்டியே இருக்கும். இந்தச் சின்னக் கதவை முதல் தடவை விட்டுவிட்டோம். குப்பை போடப் போகிறவர்கூடப் பெரிய கதவை இழுக்க வேண்டியிருந்தால் யார் திரும்பச் சாத்துவார்?

கதவின் சட்டத்துக்கு 2 மில்லிமீட்டர் கனமுள்ள ஜி.ஐ. ஹாலோ (துத்தநாகம் பூசிய உள்கூடான இரும்புக் குழாய்). கம்பிகள் நெட்டாக, 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடாமல். குறுக்குக் கம்பி போட்டால் அது திருடனுக்கு ஏணி. தகடு அடித்து மறைக்கவும் வேண்டாம், அந்தப் பக்கம் யார் நிற்கிறார் என்று தெரிய வேண்டும். கதவு தொங்கிப் போகாமல் இருக்க ஒரு சாய்வுச் சட்டம், கீல் பக்கத்து அடியிலிருந்து பூட்டுப் பக்கத்துத் தலைக்கு ஏற வேண்டும். அதை உள்பக்கம் வைக்கச் சொல்லுங்கள். மேல் கீலைத் தலைகீழாக மாட்டினால் கதவைத் தூக்கிக் கழற்ற முடியாது. வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு கருகிவிடும். அங்கே துத்தநாகப் பெயிண்ட் அடிக்காவிட்டால் பேராக் மழை துருவாகப் பதில் சொல்லும்.

படி 4: தூண்

தோண்டும் முன் சந்தில் உள்ள மேன்ஹோல் மூடிகளைப் பாருங்கள். ஒரு மூடிக்கும் அடுத்த மூடிக்கும் இடையில்தான் கழிவுக் குழாய் ஓடுகிறது. அதை விட்டு விலகி, இரண்டரை அடி ஆழம். சிமெண்ட், மணல், சல்லி 1:2:4. பக்கத்து வீட்டு மதிலில் போல்ட் அடித்து மிச்சம் பிடிக்காதீர்கள். அந்த மதிலோடு நட்பும் விரிசல் விடும். வெல்டர், "நாளைக்கே மாட்டிடலாம் அண்ணே" என்பார். ஏழு நாள் கழித்து வரச் சொல்லுங்கள்.

படி 5: சாவி

முதல் கேட்டில் ஒரு பெரிய பூட்டு, வீட்டுக்கு ஒரு சாவி. மூன்றாம் மாதமே யாரோ தொலைத்தார்கள். பிறகு பூட்டு சங்கிலியில் சும்மா தொங்கியது, கதவை ராஃபியா கயிற்றால் கட்டி அடியில் ஒரு செங்கல் வைத்தோம். திருடனுக்குச் செங்கல் ஒரு பொருட்டா?

இப்போது சின்னக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். வெளியிலிருந்து வர சாவி வேண்டும், உள்ளிருந்து போக வேண்டாம். குமிழைத் திருகினால் திறக்கும். முன்கூடத்தில் தீப்பிடித்தால் பின்வழிதான் கதி, அப்போது சாவி தேட நேரம் இருக்காது. வெளியிலிருந்து கை நுழைத்துக் குமிழைத் திருகாதபடி இரண்டடித் தகடு ஒன்று அதைச் சுற்றி. வீட்டுக்கு இரண்டு சாவி, கையெழுத்து போட்டு வாங்கும் நோட்டு. பெரிய கதவின் பூட்டுக்கு மூன்றே சாவி, மூன்று வீட்டில். அந்த வீட்டு எண்கள் பொம்பாவுக்கும் குப்பை லோரிக்காரருக்கும் தெரியும்.

பணம் தராத வீட்டுக்கும் சாவி கொடுங்கள். எங்கள் கூட்டத்தில் பெரிய சண்டையே இதற்குத்தான். சிலாங்கூரின் கோத்தா டாமன்சாராவில் குடியிருப்பாளர்கள் காவல் கூண்டும் தடுப்புக் கம்பும் வைத்த வழக்கு, நாட்டின் உச்ச மன்றமான கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. சந்தா கட்டாதவர் தானே கம்பைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. போக முடிந்ததால் அது வழியை அடைத்ததாகாது என்று 2015இல் தீர்ப்பு வந்தது. அதைச் சொன்ன பிறகுதான் சத்தம் அடங்கியது. 9ஆம் நம்பர் பாட்டி ஒரு காசு தரவில்லை. ஆனால் சாவியை முந்தானையில் முடிந்து வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான், இன்றுவரை தொலைக்கவில்லை.

பெரிய கதவின் தாழ்ப்பாள் இறங்கும் குழியில் மாதத்துக்கு ஒரு தடவை மண் அடைத்துக்கொள்ளும். பழைய கரண்டியால் தோண்டி, கீலுக்கு எண்ணெய் விட வேண்டும். வீட்டு எண் வரிசைப்படி முறை. இந்த மாதம் எங்கள் முறை, மழை வருவதற்குள் போக வேண்டும்.