டூசான் பாலைவன அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

ஊரிலிருந்து அமெரிக்காவின் பீனிக்ஸுக்கு யார் வந்தாலும் நான் முதலில் கூட்டிப்போவது டூசானில் இருக்கும் அரிசோனா-சொனோரா பாலைவன அருங்காட்சியகத்துக்குத்தான். 1952-இல் தொடங்கிய இடம். பெயர்தான் அருங்காட்சியகம், பெரும்பகுதி திறந்தவெளி, விலங்குகளும் கள்ளித் தோட்டமும் கலந்தே இருக்கும்.

கதவு திறக்கும்போதே உள்ளே இருங்கள். வெயில் ஏறினால் மலைச்சிங்கம் பாறை நிழலில் சுருண்டுவிடும், மெக்சிகன் ஓநாய் கண்ணிலேயே படாது. அதனால் முதலில் விலங்குகள், அப்புறம் செடிகள். குகையையும் மீன் காட்சியையும் உச்சி வெயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். திறக்கும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

அங்கே போகும் கேட்ஸ் பாஸ் மலைப்பாதை அழகு, ஆனால் வளைவுகள் அதிகம். காரில் வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் ஆஹோ வே, கின்னி ரோடு வழியாகப் போங்கள்.

குளிர்காலத்தில் போனால் பருந்து பறக்கவிடும் நிகழ்ச்சியைத் தவறவிடவே கூடாது. ஹாரிஸ் பருந்துகள் குடும்பமாகச் சேர்ந்து வேட்டையாடுபவை. சில சமயம் ஒன்றின் முதுகில் இன்னொன்று ஏறி நிற்கும். இறக்கைக் காற்று முடியில் படும் அளவுக்குத் தாழப் பறக்கும். கையைத் தூக்காதீர்கள், குழந்தையைத் தோளில் ஏற்றாதீர்கள். பெரியவர்களுக்குப் பிடித்து நிற்கக் கம்பி ஓரமாகச் சீக்கிரமே இடம் பிடியுங்கள்.

உள்ளே இருக்கும் டெசர்ட் லூப் நடைபாதை அரை மைல். மண்தரை, ஏற்ற இறக்கம், நிழலும் குறைவு. முட்டி வலி உள்ளவர்களை அங்கே இழுக்க வேண்டாம். அவர்களைச் சவாரோ கள்ளியின் அருகே நிறுத்துங்கள். அது மழை நீரைக் குடித்தால் அதன் மடிப்புகள் விரியும், வறட்சியில் சுருங்கும். முதல் கை, அதாவது பக்கக் கிளை, முளைக்கவே 50 முதல் 75 ஆண்டு ஆகும். “உங்க வயசுக்கு இதுக்கு இப்பதான் கை வந்திருக்கும்பா” என்று என் அப்பாவிடம் சொன்னேன். அவர் அந்தக் கள்ளியை விட்டு நகரவே இல்லை.

பையில் பல் அகலமான சீப்பு ஒன்று கட்டாயம் இருக்கட்டும். சோய்யா கள்ளியின் துண்டுகள் லேசாக உரசினாலே ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் கையிலும் ஏறும். சீப்பைத் தோலுக்கும் துண்டுக்கும் நடுவே செருகி, ஆளில்லாத பக்கமாகச் சுண்டிவிடுங்கள். மிச்ச முட்களை இடுக்கியால் எடுக்கலாம்.

கடைசியாக ஹம்மிங் பறவைக் கூடம். அங்கே பிள்ளைகளை ஓடவிடாமல் ஓரிடத்தில் அசையாமல் நிற்கச் சொல்லுங்கள், பறவையே கிட்ட வரும்.