எஜமான் செத்த மறுநாள்

கற்பனை நாடுகளை உருவாக்கி எழுதும் புதியவர்களின் கையெழுத்துப் பிரதிகளைச் சில ஆண்டுகளாகப் படித்துக் கருத்துச் சொல்லி வருகிறேன். சென்ற மாதம் வந்த மூன்றில் இரண்டில் ஒரே காட்சி. கொடிய பிரபு கொல்லப்படுகிறான். விடிந்ததும் அவனுடைய அடிமைகள் வாசற்கதவைத் திறந்து வெளியே நடக்கிறார்கள். என் முதல் நாவலிலும் இதே காட்சியை எழுதியிருந்தேன். சங்கிலி, சாட்டை பற்றிய சிறு பிழைகளை நீங்களே திருத்திக்கொள்வீர்கள். இதைத் திருத்தத்தான் ஆள் தேவைப்படுகிறது.

சாவோடு அடிமைத்தனம் முடிந்தது என்று எழுதுவது

அடிமை ஒரு சொத்து என்று முதல் அத்தியாயத்தில் எழுதுகிறீர்கள். எஜமான் செத்ததும் நிலமும் மாடும் வாரிசுக்குப் போகின்றன. ஆள் மட்டும் எப்படிக் கணக்கிலிருந்து மறைந்துபோனான்? என் பிரதியைப் படித்த மூத்த எழுத்தாளர் ஒருவர் அந்தக் காட்சியின் ஓரத்தில் பென்சிலால் இப்படிக் கேட்டிருந்தார்: "இந்தப் பிரபுவுக்குக் கடனே இல்லையா?" பதில் தேடப் போய், நாவலின் பின்பாதி முழுவதையும் திரும்ப எழுதினேன். ஓர் ஆண்டு போயிற்று.

முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி தாமஸ் ஜெபர்சன் 1826 ஜூலை 4 அன்று ஒரு லட்சம் டாலருக்கும் மேல் கடன் வைத்துவிட்டு இறந்தார். உயிலில் அவர் விடுதலை எழுதியது ஐந்து பேருக்கு மட்டும். 1827 ஜனவரியில் அவருடைய மான்டிசெல்லோ தோட்டத்தில் நடந்த ஏலத்தில் 130 அடிமைகள் நிறுத்தப்பட்டார்கள். அந்த ஐவரில் ஒருவர் கொல்லர் ஜோசப் பாசெட். அவருக்கான விடுதலை ஜெபர்சன் இறந்து ஓராண்டு கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். அதற்குள் மனைவி ஈடித்தும் பிள்ளைகளும் ஏலம் போய்விட்டார்கள்.

அதே 1826இல் மேரிலாந்தில் ஆரோன் அந்தோனி என்பவர் இறந்தார். பால்டிமோரில் இருந்த அவருடைய அடிமைச் சிறுவன், பின்னாளில் அடிமை ஒழிப்புப் போராளியான பிரெடரிக் டக்ளஸைத் தோட்டத்துக்குத் திருப்பி அழைத்தார்கள். பாகப்பிரிவினைக்கு முன் விலை மதிப்பிட வேண்டுமே! குதிரை, ஆடு, பன்றிகளோடு ஆணும் பெண்ணும் குழந்தையும் வரிசையில் நின்றதைப் பிற்காலத்தில் டக்ளஸே எழுதினார்.

எஜமானின் பிணத்தருகே அடிமைகள் அழுதால் அதை விசுவாசம் என்று எழுதிவிடுகிறார்கள். எனக்குத் தாங்க முடியாத எரிச்சல் தருவது இதுதான். மகன் எந்தப் பங்கில் போவான், தாய் எந்தப் பங்கில் போவாள் என்று தெரியாத நாள் அது. பட்டியல் எடுப்பவன் காகிதத்தோடு வந்து நிற்கும் அந்த முற்றத்தை எழுதுங்கள்.

எஜமானைக் கொன்றால் தப்பிக்கலாம் என்பது

கி.பி. 61இல் ரோம் நகர ஆட்சியாளர் பெடானியஸ் செகுண்டஸை அவருடைய அடிமை ஒருவன் கொன்றான். அந்த வீட்டில் இருந்த சுமார் 400 அடிமைகளுக்கும் மரண தண்டனை.

வாரிசு நல்லவன் என்பது

கடன் கொடுத்தவன் காத்திருக்க மாட்டான்.

பேரப்பிள்ளைகளை மறப்பது

சுந்தரரின் திருமணத்தை நிறுத்திய கிழவர் நீட்டிய ஆளோலை, அதாவது அடிமைப் பத்திரம், சுந்தரரின் பாட்டன் எழுதிக்கொடுத்தது. தானும் தன் மரபும் அடிமை என்று பாட்டன் எழுதினால் பேரன் பிடிபடுவான். இந்தக் கதையைச் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்த நாமே, அடிமைத்தனம் ஒரு தலைமுறையோடு நின்றுவிடும் என்று எழுதலாமா?

உயிலே போதும் என்பது

உங்கள் நாட்டின் சட்டம் உயிலை எவ்வளவு தூரம் அனுமதிக்கிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். கி.மு. 2இல் ரோமில் வந்த சட்டப்படி, எத்தனை அடிமைகள் வைத்திருந்தாலும் உயிலின் மூலம் 100 பேருக்கு மேல் விடுவிக்க முடியாது. இஸ்லாமியச் சட்டத்தில், எஜமானுக்குப் பிள்ளை பெற்ற அடிமைப் பெண் அவர் இறந்ததும் விடுதலை பெற்றாள். தன் சாவுக்குப் பின் விடுதலை என்று அவர் வாக்களித்த மற்ற அடிமைகள், பெரும்பாலான சட்டப் பள்ளிகளின்படி, சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மதிப்புக்குள் அடங்க வேண்டியிருந்தது.

1799இல் இறந்த ஜார்ஜ் வாஷிங்டன், தமக்குச் சொந்தமான 123 பேரில் ஒருவருக்கு உடனே விடுதலை, மற்றவர்களுக்கு மனைவி மார்த்தாவின் மரணத்துக்குப் பின் விடுதலை என்று எழுதினார். தம் சாவுக்காக இத்தனை பேர் காத்திருக்கும் வீட்டில் மார்த்தா அச்சத்தோடு வாழ்ந்ததாக அப்போதைய ஜனாதிபதியின் மனைவி அபிகெயில் ஆடம்ஸ் கடிதத்தில் குறிப்பிட்டார். 1801 ஜனவரி 1 அன்று மார்த்தா அவர்களை முன்கூட்டியே விடுவித்தார். அதே தோட்டத்தில் மார்த்தாவின் முதல் கணவர் சொத்தைச் சேர்ந்த 153 பேரை விடுவிக்க இருவருக்குமே உரிமை இல்லை. இரு தரப்பு அடிமைகளும் ஒருவரையொருவர் மணந்து பிள்ளை பெற்றிருந்தார்கள். 1802இல் மார்த்தா இறந்ததும் முதல் கணவர் சொத்தைச் சேர்ந்த அடிமைகளை அவருடைய பேரப்பிள்ளைகள் நால்வரும் பங்கிட்டுக்கொண்டார்கள்.