ஃபியானோ ஒயின்: பாட்டிலைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து மட்டி ஸ்பகெட்டி வரை

இத்தாலி வெள்ளை ஒயின் என்றாலே பலருக்கும் பினோ கிரிஜியோதான் ஞாபகத்துக்கு வரும். அது பெரும்பாலும் வடக்கே விளைவது. தெற்கே, நேப்பிள்ஸுக்குக் கிழக்கே அவெல்லினோ என்ற ஊரைச் சுற்றியுள்ள இர்பினியா மலைப்பகுதியில் ஃபியானோ என்றொரு திராட்சை இருக்கிறது. ஒரு காலத்தில் ஏறக்குறைய கைவிடப்பட்ட இந்த ரகத்தை, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மாஸ்ட்ரோபெரார்தினோ என்ற ஒயின் தயாரிப்பாளர் குடும்பம் விடாப்பிடியாக மீட்டெடுத்தது. ஒயினுக்குப் புதியவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம் என்பது என் கட்சி.

1. லேபிளைப் படியுங்கள்

'ஃபியானோ தி அவெல்லினோ' என்று முழுப் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 'ஃபியானோ' என்றால் புலியாவிலோ சிசிலியிலோ விளைந்ததாக இருக்கலாம். மோசமில்லை, ஆனால் சுவை வேறு. பாட்டில் கழுத்தில் எண் அச்சிட்ட ஒட்டுச் சீட்டும் இருக்கும். அது டி.ஓ.சி.ஜி. என்ற உயர்தர அங்கீகாரத்தின் அடையாளம். இந்த ஒயினுக்கு அது 2003-இல் கிடைத்தது. உள்ளே குறைந்தது 85 சதவீதம் ஃபியானோ இருந்தாக வேண்டும். அறுவடை ஆண்டு இரண்டு மூன்று வருடம் முந்தையதாக இருந்தால் இன்னும் நல்லது.

2. குளிர வையுங்கள், ஆனால் உறைய விடாதீர்கள்

நான் முதல் தடவை கோட்டை விட்டது இங்கேதான். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினேன். குளிர்ந்த எலுமிச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. 10 முதல் 12 டிகிரி சரியான பதம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து இருபது நிமிடம் வெளியே வைத்தால் போதும்.

3. மோந்து பாருங்கள்

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குதான் ஊற்ற வேண்டும். தண்டைப் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். முதலில் பேரிக்காய், அப்புறம் லேசான தேன் வாசனை. அவசரப்படாமல் பத்து நிமிடம் விட்டால், வறுத்த ஹேசல்நட் வாசனை மெதுவாக எழும். வேடிக்கை என்னவென்றால், ஹேசல்நட்டின் தாவரவியல் பெயரில் இருக்கும் 'அவெல்லானா', இதே மாவட்டத்து அவெல்லா என்ற ஊரிலிருந்து வந்தது!

வாசனையில் தேன் இருந்தாலும் வாயில் இனிப்பு இருக்காது. புளிப்பும் கொஞ்சம் கனமும்தான் தெரியும்.

4. மட்டி ஸ்பகெட்டி செய்யுங்கள்

நேப்பிள்ஸ் வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு செய்யும் பதார்த்தம் இது. இரண்டு பேருக்கு அரை கிலோ மட்டி, 200 கிராம் ஸ்பகெட்டி.

மட்டியை உப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டு மணல் கக்க விடுங்கள். வாய் திறந்தே கிடந்து, தட்டினாலும் மூடாததைத் தூக்கி எறியுங்கள். ஆலிவ் எண்ணெயில் இரண்டு பல் பூண்டைப் பொன்னிறமாக்கி, மட்டியைப் போட்டு, இதே ஒயினில் அரை கிளாஸ் ஊற்றி மூடுங்கள். மூன்று நான்கு நிமிடத்தில் படபடவென்று வாய் திறக்கும். திறக்காதது குப்பைக்கு.

ஸ்பகெட்டியை முக்கால் வேக்காட்டில் எடுத்து, மட்டி விட்ட சாற்றிலேயே மீதியை வேக விடுங்கள். பார்ஸ்லி தூவினால் முடிந்தது. உப்பு கடைசியில், ருசி பார்த்த பிறகு. சீஸ் வேண்டவே வேண்டாம்.

5. வேறு எதனோடு?

எருமைப்பால் மொசரெல்லா, அதுவும் சலேர்னோ பக்கத்துச் சரக்கு, அருமையான ஜோடி. புகை போட்ட புரோவோலா சீஸ் அதைவிட ஒரு படி மேல். நெத்திலி வறுவலும் பொருந்தும். தக்காளி தூக்கலான சாஸ், மிளகாய்க் காரம் இரண்டும் ஒயினை அமுக்கிவிடும்.

மிச்சம் இருந்தால் கார்க்கை இறுக்கி ஃப்ரிட்ஜில் வையுங்கள், இரண்டு மூன்று நாள் தாங்கும். நான் மறுநாளைக்கென்றே ஒரு கிளாஸ் எடுத்து வைப்பேன், புரோவோலாவோடு குடிக்க.